முழங்காலுக்குக் காது இல்லை

சனிக்கிழமை காலையில் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பைக் குப்புறக் கவிழ்த்து, தமோட்சு அதன் முதுகுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கிய சின்னப் பெட்டி. அதோடு வந்த ஸ்பீக்கர் அவனுக்குப் பிடிக்கவில்லை. தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது என்று சொல்லி வேறொன்று வரவழைத்திருந்தான். ஐம்பது தாண்டிய முதுகுக்குத் தரையில் உட்கார்ந்து திருகாணி கழற்றுவது ஆகாத வேலைதான். ஆனால் பியானோ தொழிற்சாலையில் பலகைகளைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கியே பிழைப்பு நடத்திய கை அது. மரம் என்று ஒன்று எதிரில் வந்துவிட்டால் முதுகைப் பற்றி யோசிக்காது. கழற்றிய திருகாணிகளை மிசோ சூப் குடிக்கும் கிண்ணத்தில் போட்டுவைத்தான். அதைப் பார்த்தும் ஃபுமியே ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான்.

ஃபுமியே மேசையில் உட்கார்ந்து மிகான் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். போன இலையுதிர் காலத்திலிருந்து அவள் எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவர் இருக்கும்படிதான் உட்காருவாள். மனிதர்கள் எல்லோரும் வலது பக்கம். வீட்டுக்குள் மாறாதது எதுவும் இல்லை என்றாலும், இந்த நாற்காலி மாற்றத்தைத்தான் தமோட்சுவால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வெளியே ஹமாமட்சு நகரத்தின் குளிர்காலக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"அது பழசவிட சத்தம் கம்மியா?" என்று கேட்டாள்.

"பாதி. பழசு முப்பது வாட். இது பதினஞ்சு. பாதின்னா பாதி" என்றான். பிறகு, புது ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தட்டில் வைத்த பலகாரம் போலத் தூக்கிக் காட்டி, "இதுவும் ரொம்ப நல்ல திறனுள்ளது" என்றான் பெருமையாக.

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். வாட்டும் திறனும் அவளுக்குப் பொருட்டில்லை. நாளைக்கு வலிக்குமா, வலிக்காதா என்பதுதான் அவளுக்கு வேண்டிய கணக்கு.

வலி என்று அவள் சொல்வதும் முழுக்க வலி அல்ல. ஒருநாள் காலையில், அவள் சமைத்துப்போடும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கம்போல இடது காதில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தாள், தொலைபேசியைத் திட்டினாள், மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அப்புறம் தற்செயலாக வலது காதுக்கு மாற்றியபோது, காப்பகத் தலைமையம்மா அவளுடைய திட்டு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று பயந்த குரலில் கேட்டாள். அதைச் சொல்லி ஃபுமியேதான் முதலில் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். ஆழமான ஒலிகள் திரும்ப வந்தன. கூர்மையான மேல்ஒலிகள் பாதி வந்தன, பாதி வரவில்லை. போன ஒலிகளின் இடத்தில் ஓயாத ஒரு ரீங்காரம் குடியேறியது. பழைய குளிர்பெட்டி பக்கத்து அறையில் ஓடுவது போல என்றாள். அதற்குக் குடித்தனக்காரர் என்று பெயரும் வைத்துவிட்டாள். "குடித்தனக்காரர் இன்னைக்கு அமைதியா இருக்காரு" என்று அவள் சொல்லும் நாட்களில் தமோட்சுவுக்குச் சாப்பாடு இறங்கும்.

எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேட்டதற்கு, பெரும்பாலும் காரணம் தெரியாது என்றார். சோர்வாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இனிமேல் பெரிய சத்தத்தின் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். டாக்டருக்குத் தெரியாது என்பது ஒரு பதில். வீட்டுக்குத் திரும்பும் கணவனுக்கு அது பதில் ஆகாது. அவன் அன்றிலிருந்து மனதுக்குள் ஒரு படத்தை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தான். மேடையில் அவன் நிற்பது இடது ஓரம், அவள் நிற்பது நடுவில். அப்படியானால் அவளுடைய எந்தக் காது அவன் பக்கம்? கேள்வியே வேண்டாம் என்று அங்கேயே நிறுத்திவிடுவான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஒரே குழுவில் வாசிக்கிறார்கள். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மட்டும் கூடுவதால் 'மூன்றாம் ஞாயிறு' என்றே பெயர். ஃபுமியே பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள். தமோட்சு கிட்டார். டிரம்ஸ் அடிக்கும் கோண்டா ரயில் நிலையத்துக்குப் பின்னால் கியோசா என்ற கறிக்கொழுக்கட்டை விற்கும் கடை வைத்திருப்பவன், கல்லூரி நாளிலிருந்து கூட இருக்கும் வாயாடி. பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. யாரும் புகழ் தேடவில்லை. ஆனால் வீட்டில் மளிகைச் சாமானையும் மாமியாரின் மூட்டுவலியையும் தவிர வேறு பேசாத இருவர், மாதத்தில் அந்த ஒரு மத்தியானம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைத்து, எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்று வாய் திறக்காமல் பேசிக்கொள்வார்கள். அது நின்றுபோய்க் குளிர்காலமும் வந்துவிட்டது. காதில் அடைப்பான் வைத்துப் பாடிப் பார்த்தாள். சொந்தக் குரல் மண்டைக்குள் முட்டி, சுருதியே பிடிபடவில்லை. போதாக்குறைக்குக் குடித்தனக்காரர் வேறு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கூச்சல் போட்டார். பிறகு புத்தாண்டு பிறந்ததும் ஒருநாள் அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"ஒரே ஒரு தடவ வந்து பாக்கறேன். தாங்க முடியலன்னா பேஸைக் கீழ வெச்சிடுவேன். அதுக்கப்புறம் வா வான்னு நீ என்னக் கேக்கக் கூடாது. சரியா?"

சரி என்று சொன்னான். சொல்லாமல் என்ன செய்வான். அந்த ஒரே தடவைதான் நாளைக்கு. அதற்காகத்தான் இந்தப் பெட்டியும் இந்த ஸ்பீக்கரும்.

ஸ்பீக்கரை அவன் குருட்டாம்போக்கில் வாங்கவில்லை. விவர அட்டையில் 'நோரிட்சு 101 டெசிபல்' என்று போட்டிருந்தது. பழைய ஆம்பில் இருந்த ஸ்பீக்கரின் முதுகில் அதே சொல்லுக்கு நேரே 95. நோரிட்சு என்றால் வேலைத்திறன். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மெருகு அறையின் சுவரில் அந்தச் சொல் தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் வரிசையில் நின்று, நோரிட்சைக் கூட்டுவோம் என்று எல்லோருமாகச் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார்கள். திறன் கூடிய உலை குறைவாக எரிவாயு குடிக்கும். திறன் கூடிய மின்விசிறி குறைவாகக் கரண்டு இழுக்கும். திறன் கூடிய மனிதன் குறைவாக வாய் பேசுவான். ஆக, திறன் என்பது அடக்கமான குணம், வீண் ஆர்ப்பாட்டம் இல்லாத குணம் என்று அவன் மனதில் ஆழப் பதிந்திருந்தது. தொண்ணூற்றைந்துக்கு நூற்றொன்று மேல். அடங்கின ஸ்பீக்கர். பாதி வாட்டும் சேர்ந்தால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கடைசித் திருகாணியை முடுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாடகை ஒத்திகை அறையில் மூவரும் கூடினார்கள். கோண்டா வழக்கமான குச்சிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, மெல்லிய மூங்கில் ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டிய குச்சிகளோடு வந்திருந்தான். துடைப்பத்தால் அடிப்பது போல மெத்தென்று கேட்கும். "வாசல் பெருக்க வந்திருக்கேன்" என்று அவன் சொன்னதற்கு ஃபுமியே சிரித்தாள். அவள் தன் பழைய இடத்தில், மைக்குக்குப் பின்னால் நின்று பேஸின் வாரைச் சரிசெய்துகொண்டாள். அந்த வார் தோளில் ஏறியதைப் பார்த்ததும் தமோட்சு குனிந்து ஆம்பின் குமிழைத் திருப்புவது போல முகத்தை மறைத்துக்கொண்டான். சின்னப் பெட்டிதானே என்று பாதிக்கு மேலேயே வைத்தான். அவன் காதுக்கு மேல்ஒலி கொஞ்சம் மந்தமாகப் பட்டது. அதையும் கொஞ்சம் கூட்டினான்.

கோண்டா நான்கு எண்ணினான். தமோட்சு பாட்டின் முதல் சுரங்களைச் சேர்த்து மீட்டினான்.

ஃபுமியேவின் தோள் காதுவரை எகிறியது. கொதிக்கும் எண்ணெய் தெறித்தால் உடம்பு எப்படிச் சுருங்குமோ அப்படி. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. முதல் வரியைப் பாடினாள், இரண்டாவது வரியையும் பாடினாள். அவள் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. தமோட்சு அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தான், அவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில் பேஸ் நின்றது. அவள் வாரைத் தோளிலிருந்து கழற்றி, பேஸை ஒரு குழந்தையைத் தூங்கவைப்பது போல மெதுவாக அதன் தாங்கியில் சாய்த்துவைத்தாள். இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று இருவருக்கும் பொதுவாகத் தலை குனிந்துவிட்டுக் கதவைத் திறந்து போனாள். அந்தக் கனத்த கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"டேய், அது பழசவிட ஜாஸ்தியாதானே இருக்கு" என்றான் கோண்டா.

"பாதிடா. பதினஞ்சு வாட்."

"கறிக்கடை தராசு மாதிரி பேசாத. எனக்கே பல்லு கூசுது."

அன்று சாயங்காலம் ஃபுமியே மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அறையில் படுத்துக்கொண்டாள். குடித்தனக்காரர் வீட்டையே இடிக்கிறார் என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தமோட்சுவுக்கு. செவ்வாய்க்கிழமைதான் ரீங்காரம் பழைய அளவுக்கு இறங்கியது. அவள் எழுந்து வேலைக்குப் போனாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், மிசோ சூப்பில் திருகாணி இருக்கிறதா என்று கரண்டியால் துழாவி அவனைக் கேலியும் செய்தாள். பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தான்.

அந்த மாதக் கடைசியில் அவர்களுக்கு ஒரு மேடை பேசியிருந்தது. நகிசா என்பவள் நடத்தும் நிலவறை இசைக்கூடம். ஐம்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். கல்லா, குடிவகை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகை எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வாள். தமோட்சு வேலை முடிந்து, அந்த நாளை ரத்து செய்யச் சொல்லலாம் என்று நேரில் போனான். அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னான். சொல்லும்போதே, அவளாவது தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லமாட்டாளா என்ற நப்பாசை.

"பாதி வாட்னா பாதிச் சத்தம்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள் நகிசா. வாட்டைப் பாதியாக்கினால் மூன்று டெசிபல்தான் குறையும், காதுக்கு அது கொஞ்சமாகக் குறைந்த மாதிரிதான் தெரியும், காதுக்கே பாதியாகத் தெரியவேண்டும் என்றால் வாட் பத்தில் ஒன்றாக வேண்டும் என்று விளக்கினாள். முப்பதை மூன்றாக்கியிருக்க வேண்டும். தமோட்சு விரல்களைப் பார்த்தான்.

"சரி. ஸ்பீக்கர் நல்ல திறனுள்ளதுதானே?"

"எவ்ளோ?"

"நூத்தியொண்ணு. பழசு தொண்ணூத்தஞ்சு."

நகிசா வயர் சுருட்டுவதை நிறுத்தினாள். "தமோட்சு-சான், உங்க தொழிற்சாலையில நோரிட்சு கூடிச்சுன்னா என்ன அர்த்தம்? கம்மியா பியானோ வருமா?"

அவன் மனதுக்குள் ஆட்களை எண்ணிப்பார்த்தான். மெருகு அறையில் அவன் சேரும்போது பதினொரு பேர். இன்றைக்கு ஐந்து பேர். வெளியே போகும் பியானோ அன்றைக்கு எத்தனையோ அத்தனைதான், சில மாதம் கூடுதலும் உண்டு.

"அதேதான் இதுவும். ஒரு வாட் குடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னு, எவ்ளோ சத்தம் வருதுன்னு அளக்கறாங்க. நம்பர் கூடக்கூட அதே ஒரு வாட்டுக்கு அதிகமா கத்தும்னு அர்த்தம். நீங்க மூணு கொறச்சு, ஆறு கூட்டிக் கொண்டுபோயி அவங்க காதுகிட்ட வெச்சிருக்கீங்க."

தமோட்சுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தனக்கு இத்தனை நாள் சோறு போட்ட சொல் இப்படிக் காலை வாரிவிடும் என்று அவன் நினைத்ததில்லை. அடங்கின ஸ்பீக்கர் என்று நினைத்து, இருந்ததிலேயே தொண்டை பெரிதானதைத் தேடிப்பிடித்து வாங்கி, அதைப் பலகாரம் மாதிரி அவளிடம் தூக்கி வேறு காட்டியிருக்கிறான். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றான்.

"மாட்டுங்க. உங்க பழைய பெட்டியவிட மூணு கொறையும். மிச்சத்த நீங்கதான் கொறைக்கணும்" என்ற நகிசா, மேடையின் இடது ஓரத்தைக் காட்டினாள். "பெட்டிய எப்பவும் தரையிலதானே வெக்கறீங்க? காலுக்குப் பின்னாடி, நடுவப் பாத்து?"

"ஆமா."

"முழங்காலுக்குக் காது இருக்கா?"

டார்ச் விளக்கு மாதிரிதான் இதுவும், நேராகத்தான் அடிக்கும் என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். கிட்டே நிற்கிறவனுக்கு முழங்காலோடு போய்விடும். போகப்போக விரிந்து ஏறி, எதிரே தள்ளி நிற்கிறவர்களின் தலை உயரத்துக்கு வரும். தனக்குக் கேட்கவில்லை என்று இவன் கூட்டுவான், அங்கே நிற்கிறவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். பத்தில் எட்டு கிட்டார்காரர்கள் இப்படித்தான், அவனைத் தனியாகக் குறை சொல்லவில்லை என்றும் சொன்னாள். அவள் கை நீண்டு போய் முடிந்த இடத்தில் பாடுகிறவருக்கான மைக் நின்றிருந்தது. தமோட்சு அந்தக் கையைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான். தினமும் மனதில் வரைந்து அழித்த படத்தை யாரோ தரையில் சுண்ணாம்பால் அழுத்திப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ரத்து செய்ய வேண்டாம், பாடாமல் இரண்டு பேருமாக வாசித்துவிட்டுப் போங்கள் என்றாள் நகிசா. அவன் மறுக்கவில்லை.

வீட்டில் பழைய ஸ்பீக்கரை எடுத்துச் சின்னப் பெட்டியில் மாட்டினான். அதே செய்தித்தாள், அதே கிண்ணம். ஃபுமியே பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. என்னால்தானா என்று கேட்டுவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆமாம் என்றால் தாங்கமாட்டான். இல்லை என்றால் நம்பமாட்டான். மேசையைத் துடைத்து, கிண்ணத்தை வழக்கத்தைவிட நன்றாகக் கழுவிவைத்தான்.

மேடை நாளில் ஒத்திகை எப்போதும் தலைகீழாகத்தான் நடக்கும். கடைசியில் வாசிக்கிற குழு முதலில் ஒத்திகை பார்க்கும், முதலில் வாசிக்கிற குழு கடைசியில். அப்போதுதான் வைத்தது வைத்தபடி இருக்க, கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விடலாம். மூன்றாம் ஞாயிறுக்கு எப்போதும் முதல் இடம்தான். எல்லோரும் ஒத்திகை முடித்துச் சாப்பிடப் போனபிறகு தமோட்சுவும் கோண்டாவும் மேடை ஏறினார்கள். அப்போதுதான் கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் கட்டைக்குக் கரண்டு தரும் சின்ன அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. இத்தனை காலமும் அதை எடுத்துவைத்தவள் ஃபுமியே. அவளுக்குத் தொலைபேசி செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. கோண்டா வெளியே போய்ச் செய்துவிட்டு வந்து, "அவ இந்தக் காத்துல சைக்கிள்ல வரணும், லேட்டானா கத்தாத" என்றான். யாரும் கத்தவில்லை.

காத்திருந்த நேரத்தில் தமோட்சு ஒரு காரியம் செய்தான். பெட்டியைப் பழைய வழக்கப்படி தரையில், காலுக்குப் பின்னால் வைத்தான். குமிழை எப்போதும் இருக்கும் இடத்தில் நிறுத்தினான். கிட்டாரைக் கழற்றிக் கோண்டாவின் கழுத்தில் மாட்டி, இங்கே இந்த மூன்று விரலை வை, நான் சொல்லும்போது இழு என்று காட்டிக்கொடுத்தான். பிறகு நடந்துபோய் மைக்குக்குப் பின்னால் நின்றான். ஃபுமியே அவன் மோவாய்க்குத்தான் வருவாள். ஆகவே முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்குத் தாழ்ந்தான். பாடும்போது அவள் கொஞ்சம் இவன் பக்கமாகத்தான் திரும்பியிருப்பாள், எங்கே நிறுத்துவது என்று பார்க்க. அதே போல முகத்தைத் திருப்பினான்.

"இழு" என்றான்.

கோண்டா இழுத்தான். கத்தியை நேராக எறிந்தது போல வந்தது. தமோட்சு கண்ணை மூடிக்கொண்டான். தனக்கு மந்தம் என்று அவன் கூட்டிவைத்த மேல்ஒலி முழுவதும் இங்கேதான் இருந்தது, எதுவும் தொலைந்திருக்கவில்லை. மெருகு இயந்திரம் அவன் காதில் எதைத் தேய்த்துவிட்டிருந்ததோ அதை ஈடுகட்ட அவன் வருடாவருடம் கூட்டியதெல்லாம் இந்த இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. இடது பக்கம்.

"இன்னொரு தடவ."

"போதும்டா."

"இன்னொரு தடவ இழு."

கோண்டா இழுத்தான். பிறகு மூன்றாவது தடவையும். அந்த ஒலி தேய்ந்து அடங்கியபோது நகிசா ஒலிப்பலகைக்குப் பின்னாலிருந்து கதவுப் பக்கம் பார்ப்பதைத் தமோட்சு கண்டான். ஃபுமியே படிக்கட்டின் அடியில் நின்றிருந்தாள். காற்றில் தலைமுடி கலைந்திருந்தது, கையில் அடாப்டர். இடது காதின்மேல் உள்ளங்கை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முழங்காலை மடக்கியபடி, பெரிய பூனைக்குப் பயந்த சின்னப் பூனை மாதிரி அவன் நின்றதை முழுவதும் பார்த்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அவன் நிமிரவில்லை.

"இவ்ளோ நாளா இங்கயா நின்ன?"

"வேற எங்க நிப்பேன்? மைக் அங்கதானே இருக்கு."

"ஏன் சொல்லல?"

அவள் மேடை அருகே வந்து அடாப்டரை அவன் காலடியில் வைத்தாள். "சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். நீ திரும்பிச் சிரிச்ச, தலையாட்டின. சரி, கேட்டுடுச்சு போலன்னு நெனச்சேன்."

கோண்டா கிட்டாரைச் சத்தம் வராமல் கழற்ற முயன்று தோற்றுக்கொண்டிருந்தான். நகிசா எதையோ தேடுவது போல ஒலிப்பலகைக்கு அடியில் குனிந்துகொண்டாள். மன்னித்துவிடு என்பது ஒத்திகை அறையில் அவள் சொன்ன சொல், அதை அவளுக்கே திருப்பிக் கொடுக்கத் தமோட்சுவுக்கு வெட்கமாக இருந்தது. மேடை ஓரத்தில் இருந்த உயரமான முக்காலியை இழுத்துவந்தான். பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்து, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து நிமிர்த்தி, அதன் வாய் தன் முகத்துக்கு நேராக, தனக்கு மட்டுமே நேராக இருக்கும்படி திருப்பினான். இனி அது கத்தினால் முதல் அடி அவனுக்கு. மேல்ஒலிக் குமிழைக் கீழே இறக்கினான். ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனான். கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டு பாட்டின் அந்த முதல் சுரங்களை மீட்டினான். வெறும் கம்பியின் சத்தம், பல் இடுக்கில் ஊதினாற்போல, அறைக்குள் வந்து போனது.

வா என்று அவன் கூப்பிடவில்லை. வாக்கு வாக்குதான்.

ஃபுமியே வீட்டுக்குக் கிளம்புகிறவள் போலத்தான் மேல்கோட்டின் கழுத்தைச் சரிசெய்தாள். பிறகு ஒரு படி ஏறி மேடைக்கு வந்து, அவன் சற்றுமுன் நின்ற இடத்தில், தன் இடத்தில் நின்றாள். காதிலிருந்து கையை எடுத்தாள்.

"கூட்டு" என்றாள்.

அவன் குமிழை ஒரு கோடு திருப்பி மீட்டினான். பெட்டி அவன் முகத்தில் மூச்சுவிட்டது. அவ்வளவு குறைவிலும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். "இன்னும்."

இன்னொரு கோடு. கோண்டா மெதுவாகத் தன் ஈர்க்குக் குச்சிகளைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஃபுமியே தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பது போல நின்றாள். இரண்டாவது பொத்தான் கழன்றது.

"குடித்தனக்காரர் என்ன சொல்றாரு?" என்றான் தமோட்சு, தணிந்த குரலில்.

"முழிச்சுதான் இருக்காரு. ஒண்ணும் சொல்லல. இன்னும் கொஞ்சம்."

அவன் திருப்பினான். மீட்டினான். பெட்டி இப்போது அவன் முகத்துக்கு நேராக நன்றாகவே பேசியது. அவள் தோள் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் இருந்த இடத்தில் இருந்தது. மேலே படிக்கட்டில் காற்று கதவை முட்டியது. நகிசா ஒலிப்பலகையில் மைக்கின் ஒலியளவுக் கட்டையை விரல்நுனியால் கொஞ்சம் மேலே ஏற்றிவைத்தாள். ஃபுமியே கடைசிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கழற்றவும் செய்யாமல் விடவும் செய்யாமல், அவன் பக்கம் திரும்பி நின்றாள். குமிழின்மேல் விரலை வைத்தபடி அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.